தோல்வியே காணாதவர் என்றால் மாவீரரா? குத்துச்சண்டை வீரரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குத்துச்சண்டை ரசிகர்கள் வாக்குவாதத்தில் இறங்கினால், கடைசியில் யாராவது ஒருவர் இந்த ஆயுதத்தை எடுத்துவிடுவார்: "எங்கள் ஆள் ஒரு சண்டையில்கூடத் தோற்றதில்லை. உங்கள் ஆள் ஐந்து முறை தோற்றிருக்கிறாரே!" ஐந்து முறை தோற்ற அந்த ஆள் முகமது அலி. ஒருமுறையும் தோற்காதவர் ஃப்ளாய்ட் மேவெதர். இத்தோடு வழக்கு முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த விளையாட்டின் கணக்கேட்டைப் படிக்கத் தெரியாமல் படிக்கிறார்கள். எங்கெங்கே சறுக்குகிறார்கள் என்று பார்ப்போம்.

எண்ணைப் படித்துவிட்டுப் பெயர்களைப் படிக்காமல் விடுவது

ராக்கி மார்சியானோ 49 சண்டைகளில் 49 வெற்றிகளோடு 1956-இல் ஓய்வு பெற்றார். டென்மார்க்கின் பிரையன் நீல்சனும் 1999-இல் அதே 49 வெற்றிகளோடு, தோல்வியே இல்லாமல் நின்றார். ஐம்பதாவது சண்டையில் டிக்கி ரயன் என்ற அமெரிக்கரிடம் பத்தாவது சுற்றில் வீழ்ந்தார். இருவர் கணக்கிலும் ஒரு கட்டத்தில் ஒரே எண்தான் இருந்தது. மார்சியானோ வென்றவர்களில் ஜெர்சி ஜோ வால்காட், எஸ்ஸார்ட் சார்லஸ், ஆர்ச்சி மூர் ஆகிய உலக சாம்பியன்கள் இருக்கிறார்கள். நீல்சன் வென்றவர்களில் பெயர் சொல்லும்படி இருந்தவர் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸ். அப்போது ஹோம்ஸுக்கு வயது 47.

எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் தாய்லாந்தின் வான்ஹெங் மேனாயோதினை மேவெதருக்கு மேலே வைக்க வேண்டும். அவர் 2020-இல் முதல் தோல்வியைச் சந்திக்கும் முன் 54 வெற்றிகள் பெற்றிருந்தார். யாரும் அப்படி வைப்பதில்லை. மேவெதரின் ஐம்பதாவது வெற்றியும், தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதுவரை ஒருமுறைகூட இறங்காத கானர் மெக்ரிகருக்கு எதிராக வந்ததுதான். மேவெதரின் பெருமை டியேகோ கோராலெஸையும் மிகெல் கோட்டோவையும் இளம் கனெலோ அல்வாரெஸையும் வென்றதில் இருக்கிறது. அந்த ஐம்பதாவதை எடுத்துவிட்டாலும் அவருக்கு எந்தக் குறையும் வராது.

வயதைக் கேட்காமல் தோல்விகளைக் கூட்டுவது

அலியின் ஐந்து தோல்விகளில் கடைசி இரண்டும் 1980-இலும் 1981-இலும் வந்தவை. ஹோம்ஸிடம் தோற்றபோது அவருக்கு வயது 38. ட்ரெவர் பெர்பிக்கிடம் தோற்றபோது நாற்பதுக்கு ஒரு மாதமே பாக்கி. 1980-இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் அவர் காட்சிப் போட்டியில் இறங்கியபோதே கணக்கில் மூன்று தோல்விகள் ஏறியிருந்தன. அதற்காக அன்று கூட்டம் குறைந்துவிடவில்லை.

இந்தத் தவறால் அதிகம் பாதிக்கப்படுபவர் சுகர் ரே ராபின்சன். 19 தோல்விகள் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவார்கள். 1940-இல் தொழிலுக்கு வந்தவர், 1951 முடியும்வரை ஏறத்தாழ 130 சண்டைகளில் தோற்றது இரண்டே இரண்டு. ஜேக் லமோட்டாவிடம் ஒன்று, லண்டனில் ராண்டால்ஃப் டர்பினிடம் ஒன்று. லமோட்டாவை மூன்றே வாரத்தில் திருப்பி அடித்தார். டர்பினை இரண்டே மாதத்தில்.

மூன்றாவது தோல்வியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1952 ஜூன் 25, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். மிடில்வெயிட் எடைப்பிரிவின் சாம்பியனான ராபின்சன், தன்னைவிடப் பதினைந்து பவுண்டு கனமான ஜோயி மாக்சிமின் லைட் ஹெவிவெயிட் என்ற மேல் எடைப்பிரிவுப் பட்டத்துக்குப் போட்டியிட்டார். வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. பத்துச் சுற்று முடிந்ததும் நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீனே தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியேறினார். வேறொருவர் அவர் இடத்துக்கு வந்தார். ராபின்சனுக்கு மாற்றாள் இல்லை. யார் முன்னிலை என்று நடுவர்கள் குறித்துவரும் மூன்று புள்ளி அட்டைகளிலும் அவர்தான் முன்னணியில் இருந்தார். 13-ஆவது சுற்றில் வீசிய குத்து தவறி, தானே தடுமாறிக் கீழே விழுந்தார். 14-ஆவது சுற்றுக்கு மணி அடித்தபோது எழுந்து வர முடியவில்லை. ராபின்சன் வாழ்நாளில் பாதியிலேயே நின்று தோற்ற ஒரே சண்டை இதுதான். கணக்கேட்டில் இதற்கும் ஒரு தோல்விதான் எழுதியிருக்கிறது. ஆனால் அவருடைய திறமைக்குச் சான்று கேட்டால் நான் முதலில் காட்டும் சண்டைகளில் இதுவும் ஒன்று. ஓய்வை முறித்துக்கொண்டு 1955-இல் திரும்பி வந்து, 44 வயதுவரை சண்டையிட்ட காலத்தில் சேர்ந்தவைதான் மீதமுள்ள 16.

வயது என்ன என்ற இதே கேள்வியை வெற்றிகளைப் பற்றியும் கேட்க வேண்டும். மார்சியானோ 1951-இல் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸை நாக் அவுட் செய்தபோது லூயிஸுக்கு 37 வயது. அந்த வெற்றியை மார்சியானோவின் மகுடத்தில் கல்லாகப் பதிப்பது நியாயமில்லை.

காகிதத்தில் இருக்கும் முடிவை அப்படியே நம்புவது

மெக்சிகோவின் ஜூலியோ சீசர் சாவேஸ் 1990-களின் தொடக்கத்தில் தோல்வியே அறியாதவர் என்று கொண்டாடப்பட்டார். 1990 மார்ச் 17 அன்று மெல்ட்ரிக் டெய்லர் அவரைவிட வேகமாகக் குத்தி, மூன்று அட்டைகளில் இரண்டில் நன்றாக முந்தியிருந்தார். கடைசிச் சுற்றில் சாவேஸின் வலது கைக் குத்தில் விழுந்து எழுந்தார். நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் "நலமா?" என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஸ்டீல் சண்டையை நிறுத்தினார். அப்போது கடிகாரத்தில் மீதமிருந்தது இரண்டு விநாடி. நடுவர் செய்தது சரிதான் என்பது என் கருத்து. டெய்லர் மிக மோசமாக அடி வாங்கியிருந்தார், ஒரு மனிதனின் உயிர் எந்தப் பட்டத்தையும்விடப் பெரியது. பின்தங்கியிருந்தும் கடைசிவரை விடாமல் போன சாவேஸின் உறுதியும் போற்றத்தக்கது. ஆனாலும் இன்னும் இரண்டு விநாடி ஓடியிருந்தால் அவர் தோற்றிருப்பார் என்பதை மறந்துவிட்டு, அவருடைய தோல்விக் கட்டத்தில் இருந்த அந்தப் பூஜ்யத்தைப் பேசக் கூடாது.

மூன்று ஆண்டு கழித்து, 87 வெற்றிகளோடு அவர் சான் அன்டோனியோவில் பெர்னல் விட்டேக்கரை எதிர்கொண்டார். விட்டேக்கர் அன்று அவரை ஆட்டிப் படைத்தார். மூன்று புள்ளி நடுவர்களில் இருவர் 115-115 என்று எழுதிச் சமனாக்கினார்கள். சண்டையைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் விட்டேக்கர் வென்றார் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே. சாவேஸின் தோல்விக் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது. அதிகாரபூர்வமான முதல் தோல்வி 1994 ஜனவரியில் ஃபிராங்கி ராண்டாலிடம் வந்தது.

காலத்தை மறந்துவிடுவது

1943 பிப்ரவரி 5 அன்று லமோட்டாவிடம் தோற்ற ராபின்சன், 19-ஆம் தேதி ஜாக்கி வில்சனோடு மோதி வென்றார். 26-ஆம் தேதி மீண்டும் லமோட்டா. ஒரே மாதத்தில் மூன்று சண்டைகள்! இன்றைய சாம்பியன் ஆண்டுக்கு இரண்டு முறை மேடை ஏறினாலே அதிகம். அதே காலத்து வில்லி பெப் தொடர்ந்து 62 வென்று, ஒன்றில் தோற்று, அதற்குப் பிறகு 73 சண்டைகள் தோல்வியின்றிப் போனார். அவ்வளவு அடிக்கடி மோதியவர்கள் உடல் சரியில்லாத நாளிலும் மேடை ஏறினார்கள்.

இன்று பூஜ்யத்துக்கு விலை இருக்கிறது. தோற்காதவர் என்ற பெயர் டிக்கெட் விற்கிறது, தொலைக்காட்சி ஒப்பந்தம் வாங்கித் தருகிறது. அதனால் ஆபத்தான எதிராளியைத் தள்ளிப்போடுவது தொழில் தந்திரமாகவே ஆகிவிட்டது. மேவெதருக்கும் பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவுக்கும் இடையிலான சண்டைக்கான பேச்சு 2009-இல் தொடங்கியது. சண்டை நடந்தது 2015-இல். ஒருவருக்கு 38 வயது, மற்றவருக்கு 36. ரசிகர்களிடமிருந்து பறிக்கப்பட்ட அந்த ஆறு ஆண்டுகளை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

1980 முதல் 1989 வரை லெனார்ட், டுரான், ஹெர்ன்ஸ், ஹாக்லர் ஆகிய நான்கு சாம்பியன்களும் தங்களுக்குள் ஒன்பது முறை மோதினார்கள். நால்வருமே மற்றவரிடம் தோற்றவர்கள். மான்ட்ரியாலில் டுரானைச் சந்தித்தபோது லெனார்ட் அதுவரை தோற்றதே இல்லை. அதைக் காப்பாற்ற நினைத்து ஒதுங்கியிருந்தால், குத்துச்சண்டையின் மிகச் சிறந்த பத்தாண்டு ஒன்று தொடங்கியே இருக்காது.

பூஜ்யம் என்றாலே ஏமாற்று என்று ஒதுக்குவது

இவ்வளவும் தெரிந்த பிறகு சிலர் மறு கோடிக்குப் போய்விடுகிறார்கள்: தோற்கவில்லை என்றால் நல்ல எதிராளிகளைத் தேடிப் போகவில்லை என்று அர்த்தமாம். உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்கைப் பார்க்கட்டும். ஹெவிவெயிட்டுக்குக் கீழுள்ள க்ரூசர்வெயிட் பிரிவின் பட்டங்களைத் திரட்ட அவர் போலந்தில் க்ளோவாட்ஸ்கியையும், ரிகாவில் பிரியடிஸையும், மாஸ்கோவில் காசியெவையும் அவரவர் மண்ணிலேயே வென்றார். ஹெவிவெயிட்டுக்கு ஏறி லண்டனில் ஆன்டனி ஜோஷுவாவை வென்றார். 2024-இல் ரியாத்தில் டைசன் ஃப்யூரிக்கு முதல் தோல்வியைத் தந்தார். எதிராளியின் ஊருக்குப் போய்ப் போய்ச் சேர்த்த இந்தக் கணக்கை யாரும் சந்தேகிக்க முடியாது.

மார்சியானோவுக்கும் அந்த நியாயம் கிடைக்க வேண்டும். 1950-இல் ரோலண்ட் லா ஸ்டார்சாவை அவர் மயிரிழையில்தான் வென்றார் என்பது உண்மை. ஆனால் 1952 செப்டம்பரில் பிலடெல்பியாவில் வால்காட் அவரை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். 12 சுற்று முடிவில் மூன்று அட்டைகளிலும் மார்சியானோ பின்தங்கியிருந்தார். நாக் அவுட் செய்யாவிட்டால் பட்டம் இல்லை என்ற நிலையில் 13-ஆவது சுற்றுக்கு வந்தார். கயிற்றருகே ஒரே ஒரு குறுகிய வலது கைக் குத்து. வால்காட் ஒரு கை கயிற்றில் மாட்டியபடி சரிந்து விழுந்தார். அந்த இரவுக்காகவே மார்சியானோவைத் தலைசிறந்த ஹெவிவெயிட்டுகளின் வரிசையில் வைப்பேன். ஆனால் லூயிஸுக்குக் கீழேதான். லூயிஸ் 1936-இல் மாக்ஸ் ஷ்மெலிங்கிடம் வீழ்ந்து, 1938-இல் அதே ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே முடித்தவர். பட்டத்தை 25 முறை காத்தவர். மார்சியானோ காத்தது ஆறு முறை.