அரசுப் பள்ளிச் சம்பளம்: புதிதாய் வரும் ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலந்தாய்வு முடிந்தால் காரைக்குடியில் வாடகைக்கு வீடு கிடைப்பது சிரமம். கல்லல், சாக்கோட்டை, தேவகோட்டை என்று ஆர்டர் வாங்கியவர்கள் வந்து இறங்குகிறார்கள். முதல் சம்பளம் வந்ததும் அவர்கள் கேட்கிற கேள்விகளும் செய்கிற குளறுபடிகளும் நாங்கள் சேர்ந்த காலத்தில் இருந்தவையேதான். வங்கிக் கணக்கு எண்ணைத் தப்பாகக் கொடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை அடுத்த மாதமே சரியாகிவிடும். வருஷக்கணக்கில் கழித்துத் தெரியவருகிற தவறுகள்தான் தொல்லை.

பக்கத்து நாற்காலிக்காரரோடு ஒப்பிடுவது

2017 ஊதியத் திருத்தப்படி ஆரம்ப அடிப்படை ஊதியம் இடைநிலை ஆசிரியருக்கு 20,600, பட்டதாரி ஆசிரியருக்கு 36,400, முதுகலை ஆசிரியருக்கு 36,900. ஒரே பதவியிலேயே வித்தியாசம் உண்டு. 2009 ஜூன் 1-க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அன்றைய அடிப்படை 8,370, அதற்குப் பின் வந்தவருக்கு 5,200. அதே வகுப்பு, அதே பாடம். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று சென்னையில் போய் உட்கார்ந்ததெல்லாம் இதற்காகத்தான். இது அரசு முடிவு செய்ய வேண்டிய விஷயம். அலுவலக கிளர்க்கிடம் போய்க் கத்தாதீர்கள், அவர் கையில் ஒன்றும் இல்லை.

வீடு இருக்கும் ஊரை வைத்து வாடகைப்படி கேட்பது

கிடைக்காது. வேலை பார்க்கும் ஊர்தான் கணக்கு.

பதவி உயர்வில் ஆப்ஷன் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஆண்டு இன்கிரிமெண்ட் 3 சதவீதம். நம் மாநிலத்தில் அது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் அவரவருக்கு உரிய ஒன்றில், வருஷத்துக்கு ஒருமுறை விழும். பதவி உயர்வு வந்தால் கூடுதலாக ஒரு இன்கிரிமெண்ட் அளவு கொடுத்து, புதிய பதவிக்கான நிலையில் பொருத்துவார்கள். அதை எந்தத் தேதியிலிருந்து செய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. பதவி உயர்வு பெற்ற நாளிலிருந்தும் வாங்கலாம், பழைய பதவியில் அடுத்த இன்கிரிமெண்ட் வரும் நாளிலிருந்தும் வாங்கலாம்.

ஜூலை 1 இன்கிரிமெண்ட் உள்ள பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஜூன் 10 அன்று முதுகலை ஆசிரியராகிறார். அன்றைக்கே பிக்சேஷன் (புதிய பதவியின் சம்பள நிர்ணயம்) செய்தால் ஜூனிலேயே சம்பளம் ஏறும், சந்தோஷம்தான். ஆனால் ஜூலை இன்கிரிமெண்ட் போச்சு, ஜூன் மாதம் ஏப்ரல் காலாண்டில் அடங்குவதால் அடுத்தது வரும் ஏப்ரலில்தான். மாறாக ஜூலை 1 என்று எழுதிக் கொடுத்தால் ஜூனில் மிச்சமுள்ள மூன்று வாரம் கொஞ்சம் குறையும். ஜூலையில் இரண்டும் சேர்ந்து வரும்.

அடிப்படை 50,000 என்றால் 3 சதவீதம் 1,500. 2025 ஜூலைக் கணக்குப்படி அகவிலைப்படி 58 சதவீதம் சேர்த்தால் மாதம் 2,370. இந்த இடைவெளி ஜூலை முதல் மார்ச் வரை ஒன்பது மாதம், அதாவது 21,330 ரூபாய். ஒரு வருஷத்தோடு முடிந்தால் பரவாயில்லை, அடுத்த ஜூலையிலும் அதே இடைவெளி திரும்ப வரும்.

குன்றக்குடிப் பக்கம் நண்பர் ஒருவருக்கு நடந்தது இதுதான். ஆர்டர் வந்த அன்று ஊருக்கெல்லாம் இனிப்பு. “சார், இதிலே ஒரு கையெழுத்து” என்று நீட்டினார்கள், போட்டார். தாளில் பதவி உயர்வுத் தேதியையே எழுதி வைத்திருந்தார்கள். வருஷங்கள் கழித்து, தனக்குப் பின்னால் வந்தவர் தன்னைவிட அதிகம் வாங்குவது பே ஸ்லிப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மனு மேல் மனு எழுதினார், ‘தங்கள் விருப்பத்தின்படியே நிர்ணயிக்கப்பட்டது’ என்று பதில் வந்தது. வட்டிக்கு வட்டியை மனக்கணக்காய்ப் போடுகிற செட்டிநாட்டில், கணக்கு வாத்தியாருக்கே இந்த நிலை!

எல்லோருக்கும் அடுத்த இன்கிரிமெண்ட் தேதிதான் லாபம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஜூலை இன்கிரிமெண்டை வாங்கிய கையோடு ஜூலை 20-ல் பதவி உயர்வு வந்தால் அன்றைய தேதியே நல்லது, இல்லாவிட்டால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். இடைநிலையிலிருந்து பட்டதாரி ஆசிரியராகும் பலருக்கு 36,400 என்ற ஆரம்ப நிலைக்கே சம்பளம் தூக்கப்படுவதால் இந்தக் கணக்கு வேறு மாதிரி போகும். அதனால் இரண்டு விதமாகவும் மூன்று வருஷத்துக்குத் தாளில் போட்டுப் பாருங்கள், அப்புறம் கையெழுத்து. கொடுத்த ஆப்ஷனைப் பிறகு மாற்றுவது லேசில்லை. கொடுத்த கடிதத்தின் நகல் வீட்டில் இருக்கட்டும், பணிப்பதிவேட்டில் பதிவு ஏறியதா என்றும் கண்ணால் பாருங்கள்.

தேர்வுநிலை தானாக வரும் என்று இருப்பது

ஒரே பதவியில் 10 ஆண்டு முடிந்தால் தேர்வுநிலை, 20 ஆண்டில் சிறப்புநிலை. ஒவ்வொன்றிலும் இரண்டு இன்கிரிமெண்ட் அளவு ஏறும். நீங்கள் விண்ணப்பித்தால்தான் கோப்பு நகரும். அதோடு சான்றிதழ்களின் உண்மைத்தன்மைச் சான்றும் கேட்பார்கள். பட்டம் அழகப்பா பல்கலைக்கழகமாக இருந்தால் நமக்குப் பக்கம்தான், ஆனால் பள்ளிச் சான்று, பி.எட். சான்று எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வர வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். சேர்ந்த வருஷமே அனுப்பச் சொல்லித் தலைமையாசிரியரை நச்சரியுங்கள். பதவி உயர்வு வாங்கினால் புதிய பதவியில் அந்த 10 ஆண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஊக்க ஊதியத்தை நம்பி மேற்படிப்பில் சேர்வது

மேற்படிப்பு முடித்தால் தந்துவந்த அந்தக் கூடுதல் இன்கிரிமெண்டை 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள். படிப்பு வேண்டும் என்றால் படியுங்கள், துறை அனுமதி வாங்கிவிட்டு.

உதவிபெறும் பள்ளியில் ஒப்புதல் பார்க்காமல் சேர்வது

நகரத்தார் தருமத்தில் எழுந்த பள்ளிகள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. அரசு உதவிபெறும் பணியிடம் என்றால் சம்பளம் அரசு மானியத்திலிருந்துதான், ஊதிய நிலையும் அதேதான். ஆனால் நிர்வாகம் கொடுக்கும் ஆர்டர் பாதிதான். கல்வித்துறை நியமன ஒப்புதல் தந்தால்தான் கருவூலத்திலிருந்து பணம் வரும். பணியிடம் அனுமதிக்கப்பட்டதா, முன்பு அதில் யார் இருந்தார், எப்போது ஓய்வு பெற்றார் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். கேட்கக் கூச்சப்பட்டுச் சேர்ந்தவர்கள் வருஷக்கணக்கில் சம்பளம் இல்லாமல் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

வருமான வரியைக் கடைசி மாதத்துக்குத் தள்ளுவது

மிச்ச வரி மொத்தமும் அதில் பிடிபடும், பிப்ரவரிச் சம்பளம் கைக்கு வராது. வீட்டில் சொல்லி வையுங்கள்.