கலைந்துபோன கட்சிக்கு வரலாறு எழுதுவது எப்படி?

சிறிய வட்டாரக் கட்சியொன்றின் வரலாற்றை எழுத முனைவோர், தலைவரின் பிறந்த ஊரில் தொடங்கி, நினைவு மலர்களைப் புரட்டி, புகழுரையில் முடித்துவிடுவது வழக்கம். அத்தகைய கட்சிகளின் சொந்த ஆவணங்கள் பெரும்பாலும் எஞ்சுவதில்லை என்பதால், பிறருடைய ஏடுகளில் அவை பதிவான இடங்களிலிருந்து தொடங்குவதே சரியான வழி. 1952 தேர்தலில் சென்னை மாநிலத்தில் தலையெடுத்து ஓரிரு ஆண்டுகளில் காங்கிரசில் கரைந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியையும் காமன்வீல் கட்சியையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையைப் படிக்க வேண்டும். 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றவை 152. உழைப்பாளர் கட்சி 19, காமன்வீல் 6. ஆளும் தகுதிக்கு 188 பேர் தேவைப்பட்ட அவையில் இந்த 25 பேருக்கு இருந்த மதிப்பை அப்போதுதான் உணர முடியும். ஆந்திரமும் மலபாரும் அந்த 375-க்குள் அடக்கம் என்பதால், மாநில அளவிலான வாக்கு விழுக்காட்டை இன்றைய தமிழ்நாட்டுக் கணக்கோடு ஒப்பிடுவது பொருந்தாது.

வாக்கு எண்ணிக்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அன்று பல தொகுதிகள் இருவரைத் தேர்ந்தெடுக்கும் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். அங்கே வாக்காளருக்கு இரண்டு வாக்குச் சீட்டுகள் தரப்பட்டன. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி இருந்தது. சீட்டில் முத்திரை எதுவும் குத்தாமல், விரும்பியவரின் பெட்டியில் போட்டால் போதும், ஆனால் இரண்டையும் ஒரே பெட்டியில் போடக் கூடாது. ஆகவே அத்தொகுதிகளில் பதிவான வாக்குகளை வாக்களித்தவர்களின் எண்ணிக்கையாகக் கொண்டால் கட்சியின் ஆதரவு ஊதிப்பெருகித் தெரியும். இந்தத் திருத்தத்தைச் செய்யாத அட்டவணையை நூலில் சேர்க்காமலிருப்பதே மேல்.

அடுத்து, மாவட்டங்களைப் பழைய எல்லைப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார் தலைமையிலான உழைப்பாளர் கட்சியின் களம் தென்னார்க்காடு, எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு வடஆர்க்காடும் செங்கல்பட்டும். இரண்டுக்கும் வன்னியர் சமூகமே அடித்தளமாக இருந்தும் ஒரே கட்சியாக ஏன் நிற்கவில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் மையக் கேள்வி. விடையைத் தலைவர்களின் மனத்தாங்கலில் மட்டும் தேடாமல், 1952-க்கு முந்தைய ஜில்லா போர்டு (மாவட்ட அளவிலான உள்ளாட்சி மன்றம்) தேர்தல்களிலும், காங்கிரஸ் வேட்பாளர் பட்டியலில் யார் யாருக்கு இடம் கிடைத்தது என்பதிலும் தேடுங்கள்.

இணைப்பைப் பற்றி எழுதும்போதுதான் பலரும் அவசரப்படுகிறார்கள். "பின்னர் காங்கிரசில் இணைந்தது" என்ற ஒரு வரி போதாது. மாணிக்கவேலு 1952-இலேயே இராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றார். படையாட்சியாரோ 1954-இல் காமராசர் முதல்வரான பிறகே அமைச்சரானார். இடைப்பட்ட இரண்டாண்டுகளில் உழைப்பாளர் கட்சி உறுப்பினர்கள் அவையில் என்ன பேசினார்கள், எப்படி வாக்களித்தார்கள் என்பதைச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் நாள்வாரியாகப் பார்ப்பது அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாதது. அத்தேர்தலில் தாமே போட்டியிடாத தி.மு.க. இக்கட்சிகளின் வேட்பாளர்களை ஆதரித்திருந்தது என்பதால், இணைப்புச் செய்தியைக் காங்கிரஸ் சார்பு நாளிதழ்களிலும் திராவிட இயக்க ஏடுகளிலும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், தரமணியின் ரோஜா முத்தையா நூலகம் ஆகியவற்றில் தேடலைத் தொடங்கலாம்.

முதியவர்களிடம் பேட்டி எடுப்பதை இதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். உணர்வையும் உறவுமுறைகளையும் அவர்கள் நன்றாகச் சொல்வார்கள். ஆண்டுகளை மட்டும் நாளிதழோடு ஒத்துப்பார்த்த பிறகே எழுத வேண்டும்.

எந்த ஆண்டோடு நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். மாணிக்கவேலு பின்னாளில் சட்ட மேலவைத் தலைவரானார். படையாட்சியார் 1980-இலும் 1984-இலும் காங்கிரஸ் சார்பில் திண்டிவனத்திலிருந்து மக்களவைக்குச் சென்றார். இவை தலைவர்களின் வரலாறு என்பதால் பின்னிணைப்பில் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1954-இல் கட்சியோடு காங்கிரசுக்குப் போகாத ஊர்க்கிளைத் தொண்டர்கள் எங்கே சென்றார்கள் என்பதற்குத்தான் கடைசி அத்தியாயத்தை ஒதுக்க வேண்டும்.