திட்டாமலே திட்டியதாகக் கேட்கும் ஆங்கிலம்: போலிஷ் பேசுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கூட்டத்தைத் திங்கள்கிழமை வைக்கலாமா, செவ்வாய்க்கிழமையா?" என்று லண்டனிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. வார்சாவில் இருப்பவருக்கு இரண்டு நாளும் வசதிதான். "ஐ டோன்ட் கேர்" என்று பதில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறார். வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் லண்டன்காரர் அதில் படிப்பது "என்னைக்கு வெச்சா எனக்கென்ன?" என்பதை.

மனப்பான்மையைக் காட்டும் சொற்களில் வரும் தவறுகளின் சங்கடம் இதுதான். இறந்தகாலத்தில் தடுமாறினால் "இவர் இன்னும் ஆங்கிலம் பழக வேண்டும்" என்று எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். இங்கே தடுமாறினால் "ஆள் கொஞ்சம் திமிர் பிடித்தவர்" என்று நினைப்பார். மொழியின் மேல் விழ வேண்டிய பழி ஆளின் மேல் விழுகிறது. அதைத் தவறு என்றே யாருக்கும் தோன்றாததால் திருத்தவும் மாட்டார்கள். போலந்து மாணவர்களுக்கு இணையவழியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களும், கிராக்கோவ், விராத்ஸ்வாஃப் மாதிரி ஊர்களில் அவர்களோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் நம்மவர்களும் இதைத் தெரிந்துவைத்திருந்தால் பல மனத்தாங்கல்கள் மிச்சமாகும்.

கெட்ட எண்ணத்தைச் சொல்லும் சொற்களில்தான் ஆபத்து அதிகம் என்று தோன்றும். என் பார்வையில் நடுநிலைச் சொற்கள்தான் அதைவிட மோசமாகக் காலை வாரிவிடுகின்றன. திட்டும்போது எல்லோரும் யோசித்துத் திட்டுகிறோம். "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லும்போது யார் யோசிக்கிறார்கள்?

மேலே சொன்ன "ஐ டோன்ட் கேர்" எங்கிருந்து வந்தது? போலிஷில் "ஃப்ஷிஸ்ட்கோ மி யெட்னோ" என்று ஒரு தொடர் உண்டு. நம் "எல்லாம் ஒண்ணுதான்" போலவே இருக்கும். இணக்கமாகவும் சொல்லலாம், சலிப்பாகவும் சொல்லலாம். தொனிதான் முடிவு செய்யும். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வாக்கியம். இணக்கத்துக்கு "ஐ டோன்ட் மைண்ட்" அல்லது "ஐதர் இஸ் ஃபைன்". அக்கறையே இல்லை என்பதற்கு "ஐ டோன்ட் கேர்". இரண்டாவதை எவ்வளவு புன்னகையோடு சொன்னாலும் முழுதாக இனிப்பாகாது. எழுத்தில் புன்னகையும் கிடையாது.

இதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் "இன்டிஃபரென்ட்". போலிஷின் "ஒபோயென்ட்னி" என்ற சொல்லுக்கு அகராதி முதலில் காட்டுவது இதைத்தான். போலிஷில் ஒரு பொருள் எனக்கு "ஒபோயென்ட்னி"யாக இருக்கலாம். அதனால் மாணவர்கள் "இட் இஸ் இன்டிஃபரென்ட் டு மீ" என்று எழுதுகிறார்கள். இன்றைய ஆங்கிலத்தில் ஆள்தான் இன்டிஃபரென்ட், பொருள் அல்ல. சரி, ஆளை வைத்தே "ஐ ஆம் இன்டிஃபரென்ட்" என்று திருத்திவிட்டால் போதுமா? போதாது. அடுத்தவர் துன்பத்தைப் பார்த்தும் கல் போல இருப்பவரைச் சொல்ல ஆங்கிலம் எடுக்கும் சொல் அது. டீயா காபியா என்ற கேள்விக்கு அவ்வளவு குளிர்ச்சி தேவையில்லை. போதாக்குறைக்கு, ஒரு கச்சேரியை "இன்டிஃபரென்ட் பெர்ஃபார்மன்ஸ்" என்று விமர்சகர் எழுதினால் அது நடுநிலைக் கருத்து இல்லை. சுமாருக்கும் கீழே என்று பொருள்.

"எனக்கு ஆட்சேபணை இல்லை" என்பதைப் போலிஷில் "நியே மாம் நிட்ஸ் ப்ஷெச்சிவ்கோ" என்பார்கள். அதில் இரண்டு எதிர்மறை இருக்கிறது. போலிஷ் இலக்கணம் அதைக் கேட்கிறது. அப்படியே மாற்றினால் "ஐ டோன்ட் ஹாவ் நத்திங் அகெய்ன்ஸ்ட் இட்". புரியும், ஆனால் பள்ளி ஆங்கிலத்தில் தவறு. சொன்னவரின் நல்லெண்ணம் கேட்பவருக்குப் பாதிதான் போய்ச் சேரும். "நத்திங்" வேண்டுமென்றால் "டோன்ட்"டை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது "மோஜெ பிச்". எழுத்தில் பார்த்துப் பதற வேண்டாம், "இருக்கலாம்" என்றுதான் பொருள். புது சட்டை எப்படி என்று கேட்டால் ஒரு போலந்துக்காரர் இப்படிச் சொல்வார். நம் "பரவாயில்லை"க்கு இதைவிட நெருங்கிய சொந்தம் ஐரோப்பாவில் கிடைக்குமா என்பது சந்தேகம்! இதையே "இட் கேன் பி" என்று ஆங்கிலத்தில் சொன்னால் கேட்பவர் வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று காத்திருப்பார். "இட்ஸ் ஆல் ரைட்" அல்லது "இட்'ல் டூ" என்று சொல்ல வேண்டும். இரண்டாவதில் கொஞ்சம் அலுப்பு கலந்திருக்கும் என்பதால் சட்டை வாங்கிக்கொடுத்தவரிடம் வேண்டாம்.

எனக்கு மிகவும் சுவையாகப் படுவது "ராச்செய் நியே". "அநேகமாக இல்லை" என்று மென்மையாகத் தயங்கும் பதில். "ராச்செய்" என்பதற்கு அகராதி "ராதர்" என்று காட்டும். "நியே" என்பது "நாட்". ஆக "ராதர் நாட்" ஆகிவிடுகிறது. "அவர் நாளை வருவாரா?" என்ற கேள்விக்கு இந்தப் பதில் வந்தால் ஆங்கிலக்காரர் குழம்பிப்போவார். ஏனென்றால் "ஐட் ராதர் நாட்" என்பது தயக்கம் அல்ல, மறுப்பு: "எனக்கு இஷ்டமில்லை" என்று பொருள். நிகழ்தகவைச் சொல்ல வந்தவர் விருப்பமின்மையைச் சொல்லிவிடுகிறார். "ப்ராபப்லி நாட்" அல்லது "ஐ டோன்ட் திங்க் சோ" இந்த இடத்துக்குப் போதும்.

"ஒச்சிவிஷ்சே" என்ற சொல்லும் இதே கதைதான். போலிஷில் அது பணிவான "ஆமாம், கண்டிப்பாக". ஆங்கிலத்தில் "ஆஃப் கோர்ஸ்" என்று மாறும்போது, உதவி கேட்டவருக்குச் சொன்னால் இனிமை, தகவல் கேட்டவருக்குச் சொன்னால் "இதுகூடத் தெரியாதா?" என்ற குத்தல். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா என்று கேட்டால் "யெஸ், இட் இஸ்" போதும். அப்புறம், பேச்சுப் போலிஷில் "நோ" என்றால் "ஆமாம்" என்று ஒரு பொருள் உண்டு. தொலைபேசியில் ஆங்கிலம் பேசிக்கொண்டே பழக்கத்தில் "நோ, நோ" என்று தலையாட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு வழுக்கல்கள் ஏன்? போலிஷ் மரியாதையை வேறு இடத்தில் வைத்திருக்கிறது. "பான்", "பானி" என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி மரியாதை விளி உண்டு. அதைப் போட்டுவிட்டால் வாக்கியம் நேராகவே இருக்கலாம். "சொல்லுங்க" என்பதில் "ங்க" வந்தபின் நமக்கு வேறு அலங்காரம் தேவைப்படுவதில்லை அல்லவா, அதே கணக்கு. ஆங்கிலத்தில் ஒரே ஒரு "யூ"தான். அதனால் மரியாதை "உட் யூ மைண்ட்", "ஐ'ம் நாட் ஷ்யூர்" என்று வாக்கியத்தின் ஓரங்களுக்குப் போய்விட்டது. வார்சாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய மொழியியலாளர் அன்னா வியெஷ்பிட்ஸ்கா இந்த இரு மொழிகளையும் ஒப்பிட்டு 1980களிலேயே எழுதியிருக்கிறார். போலிஷில் கருத்தையும் உண்மையைச் சொல்வது போலவே உறுதியாகச் சொல்வது இயல்பு. ஆங்கிலத்தில் "எனக்குத் தோன்றுகிறது" என்று ஒரு திரை போட்டுச் சொல்வது இயல்பு. போலந்துக்காரர் முரட்டுத்தனமானவரும் இல்லை, ஆங்கிலக்காரர் பூசி மெழுகுபவரும் இல்லை.

நடுநிலைச் சொற்களில் இன்னும் மூன்றைச் சொல்லியாக வேண்டும். "ஆம்பிவலென்ட்" என்பதைப் பலர் "எப்படியும் சரி" என்ற பொருளில் போடுகிறார்கள். போலிஷிலேயே இதன் இணைச்சொல்லை அப்படித் தவறாகப் பேசுவது வழக்கம். அந்தத் தவறு ஆங்கிலத்துக்கும் கூடவே வருகிறது. உண்மையில் அது இரண்டு பக்கமும் இழுக்கப்படும் மனம். விருப்பும் உண்டு, வெறுப்பும் உண்டு. "டிஸ்இன்ட்ரஸ்டெட்" என்பதை "ஆர்வமில்லாத" என்று எடுத்துக்கொள்வது அடுத்தது. சொந்த லாபம் இல்லாதவர் என்பதே அதன் பழைய, கவனமான பொருள்; போலிஷின் "பெஸ்இன்டெரெசோவ்னி"க்கு அருகில் வரும். ஆர்வமில்லாதவர் "அன்இன்ட்ரஸ்டெட்". ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்களே இதைக் குழப்புகிறார்கள் என்பதால் மாணவரை ரொம்பவும் கடிந்துகொள்ள வேண்டாம்.

மூன்றாவது "திஸ்தான்ஸ்". தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவரைப் போலிஷில் "தன்னிடமிருந்து தூரம் வைத்திருப்பவர்" என்று பாராட்டுவார்கள். "ஷி ஹாஸ் டிஸ்டன்ஸ் டு ஹெர்செல்ஃப்" என்று மாற்றினால் ஆங்கிலத்தில் ஒன்றும் புரியாது. சுருக்கி "ஷி இஸ் டிஸ்டன்ட்" என்று சொல்லிவிட்டாலோ, யாரோடும் ஒட்டாத ஆள் என்று பாராட்டு புகாராகிவிடும். "டஸின்ட் டேக் ஹெர்செல்ஃப் டூ சீரியஸ்லி" என்பதுதான் சரியான பாராட்டு.

இனி எதிர்மறைப் பக்கம். இங்கே தொல்லை கொடுப்பவை பெரும்பாலும் ஒரே முகமும் வேறு குணமும் கொண்ட சொற்கள். முதலிடம் "ப்ரெதென்ஸ்யே"வுக்கு. ஒருவர் மேல் மனக்குறை இருக்கிறது என்பதை "அவர் மேல் எனக்கு ப்ரெதென்ஸ்யே உண்டு" என்பார்கள். அது "ஐ ஹாவ் ப்ரிடென்ஷன்ஸ் டு யூ" என்று வரும்போது, ஆங்கிலத்தில் அந்தச் சொல் பகட்டையோ தகுதிக்கு மீறிய உரிமை கோரலையோ குறிப்பதால், குறை சொல்ல வந்தவர் தன்னையே கேலி செய்துகொண்டது போல ஆகிறது. வேண்டியது "ஐ ரிஸென்ட்", அல்லது "ஐ ஹோல்ட் இட் அகெய்ன்ஸ்ட் ஹிம்". சின்ன வருத்தம் என்றால் "ஐ'ம் எ பிட் அப்செட் வித் யூ". போலிஷில் ஒரே சொல் தாங்கும் சூட்டின் அளவுகளை ஆங்கிலத்தில் பிரித்துத்தான் சொல்ல முடியும்.

"பத்தெதிச்னி" என்பது உணர்ச்சி பொங்கும், கம்பீரமான பேச்சு. நவம்பர் 11 அன்று போலந்தின் சுதந்திர நாள் விழாவில் கேட்ட உரையை அந்தப் பொருளில் "பதெடிக்" என்று எழுதினால், பரிதாபகரமான உரை என்று ஆகிவிடும். "ஃபதால்னி" என்றால் படுமோசம். "தி ஃபுட் வாஸ் ஃபேட்டல்" என்றால் யாரோ இறந்துபோயிருக்க வேண்டும். "சிம்பதிச்னி" என்றால் பழக இனிமையானவர். "சிம்பதெடிக்" என்பது துன்பத்தில் ஆறுதலாக இருப்பவர். "நீ என்னை எரிச்சல்படுத்துகிறாய்" என்பதற்கான போலிஷ் வினையில் நரம்பு என்ற சொல் ஒளிந்திருப்பதால் "யூ மேக் மீ நெர்வஸ்" என்று வருகிறது. அதைக் கேட்டவர் "ஐயோ, பயப்படாதீர்கள்" என்று சமாதானம் சொல்ல ஆரம்பிப்பார்.

"இக்னரன்ஸ்" இன்னொரு கண்ணிவெடி. ஒருவர் தன் மின்னஞ்சலுக்குப் பதிலே போடவில்லை என்ற ஆதங்கத்தில் "யுவர் இக்னரன்ஸ் ஹர்ட் மீ" என்று எழுதினால், "உங்கள் அறியாமை என்னைப் புண்படுத்தியது" என்று போய்ச் சேரும். சொல்ல வந்தது புறக்கணிப்பு. சொன்னது முட்டாள்தனம்.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் கிடைக்காத இடங்களும் உண்டு. "லெக்ட்ஸெவாஜிச்" என்ற வினையின் உள்ளே இருப்பது "இலேசாக எடைபோடு" என்பது. விதியை அப்படிச் செய்தால் "டிஸ்ரிகார்ட்", ஆபத்தை என்றால் "அண்டர்எஸ்டிமேட்", கடமையை என்றால் "நெக்லெக்ட்", ஆளை என்றால் "பி டிஸ்மிஸிவ் ஆஃப்". எல்லா இடத்திலும் "இக்னோர்" என்று போட்டு ஒப்பேற்றுவதுதான் வழக்கம். அதில் இளக்காரம் என்ற பாதி காணாமல் போகிறது. "ஸ்வோஷ்லிவி" இதற்கு நேர் எதிர்: மாற்றும்போது காரம் குறைவதில்லை, கூடிவிடுகிறது. புற்றுநோய்க் கட்டிக்கும் அந்தச் சொல்தான், சீண்டிப் பேசும் நண்பனுக்கும் அதுதான். நண்பனைப் பார்த்து "டோன்ட் பி மலிஷஸ்" என்றால் கிட்டத்தட்ட குற்றப்பத்திரிகை. "டோன்ட் பி மீன்" என்றால் போதும்.

முன்னிடைச்சொற்களைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை, மனப்பாடம்தான். போலிஷில் கோபம் ஒருவர் "மேல்", ஆங்கிலத்தில் "ஆங்ரி வித்". "ஆங்ரி ஆன்" கிடையாது. "ஜெலஸ் ஆஃப்", "கிரிடிகல் ஆஃப்", "ஸ்கெப்டிகல் அபவுட்", "இன்டிஃபரென்ட் டு". சொல்லையும் அதன் வாலையும் ஒன்றாகவே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

போலந்தின் பள்ளி இறுதித் தேர்வான "மதூரா"வில் எழுதியவரின் மனப்பான்மை என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகள் வரும். அதற்காக மாணவர்கள் இரண்டு பத்தி போட்டு, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் போலிஷ் என்று பட்டியல் உருப்போடுகிறார்கள். சரியான விடையில் வட்டம் போட அது உதவும், ஒருவரிடம் பேச உதவாது. மூன்றாவதாக ஒரு பத்தி வேண்டும்: இதை யார், யாரைப் பற்றி, எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டின் கற்போர் அகராதிகளிலும் இப்படிப்பட்ட சொற்களுக்குப் பக்கத்தில் "டிஸ்அப்ரூவிங்" என்ற குறிப்பு இருக்கும். பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டி நேரே பொருளுக்குப் போய்விடுகிறார்கள். "உபார்த்தி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். விடாப்பிடியானவர் என்று பாராட்டாகவும் சொல்லலாம், பிடிவாதக்காரர் என்று குறையாகவும் சொல்லலாம். ஆங்கிலத்தில் பாராட்டுக்கு "டிடர்மின்ட்", "பெர்சிஸ்டென்ட்". குறைக்கு "ஸ்டபர்ன்", அதற்கும் மேலே "ஆப்ஸ்டினெட்". தன் மாணவிக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதும் போலந்துப் பேராசிரியர் இந்த நான்கில் அகராதி முதலில் காட்டும் "ஸ்டபர்ன்" என்பதை எடுத்துப் போட்டால், வேலை கொடுக்கப்போகிறவர் அதைப் படித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தைப் புரட்டுவார்.