ரஷ்ய மொழிக்காரர்கள் ஆங்கில மரபுத்தொடர்களில் சறுக்கும் இடங்கள்

தேர்வுக்குக் கிளம்பும் மாணவனை ரஷ்யர்கள் ‘நி பூஹா நி பெரா’ என்று வாழ்த்துவார்கள். மென்மயிரும் கிடைக்காது, இறகும் கிடைக்காது என்று பொருள். வேட்டைக்காரர்களிடமிருந்து வந்த தொடர் இது. வெறுங்கையோடு வா என்று சொல்லிவைத்தால் கண்ணேறு படாது என்ற கணக்கு. இதற்கு நன்றி சொல்லக் கூடாது. ‘க் சோர்த்து’, அதாவது ‘பிசாசிடம் போ’ என்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கு இணையாக ஆங்கிலத்தில் ‘பிரேக் எ லெக்’, அதாவது ‘காலை உடைத்துக்கொள்’, என்று மனப்பாடம் செய்பவர்கள் இரண்டு வகையில் மாட்டிக்கொள்கிறார்கள். பழக்கதோஷத்தில் ‘கோ டு ஹெல்’ என்று பதில் சொன்னால், வாழ்த்தியவர் முகம் தொங்கிப்போகும். ‘தேங்க்ஸ்’ போதும். இன்னொன்று, இது அடிப்படையில் மேடை ஏறுபவருக்கான வாழ்த்து. நாடகம், கச்சேரி, மேடைப்பேச்சு என்றால் சரி. அறுவைசிகிச்சைக்குப் போகிறவரிடம் சொல்லித் தொலைக்கக் கூடாது. அங்கே ‘குட் லக்’தான்.

முற்றிலும் புதிய தொடரால் பெரிய ஆபத்தில்லை, அகராதியைப் புரட்டிவிடுவார்கள். பாதி ஒத்துப்போகிற தொடர்தான் காலை வாரும். ‘பெலாயா வரோனா’, அதாவது வெள்ளைக் காக்கை, என்றால் ரஷ்யனுக்குக் கூட்டத்தில் ஒட்டாமல் தனித்து நிற்கும் ஆள். (நமக்கோ வெள்ளைக் காக்கா பறந்தாலே பொய்தான்.) நிறத்தையும் பிராணியையும் மாற்றிப்போட்டு ‘பிளாக் ஷீப்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அது குடும்பத்தின் பெயரைக் கெடுத்தவனைக் குறிக்கும் வசவு. அதற்கு ரஷ்யத்திலேயே ‘சொறி பிடித்த ஆடு’ இருக்கிறது. வெள்ளைக் காக்கைக்கு ‘ஆட் ஒன் அவுட்’ பொருந்தும்.

பூனையும் பையும் இன்னொரு கண்ணி. ரஷ்யத்தில் சாக்குக்குள் பூனையை வாங்குவது, பொருளைப் பார்க்காமலே வாங்குவது. ஆங்கிலத்தில் ‘லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்’ என்றால் ரகசியத்தை உளறிவிடுவது. பார்க்காமல் வாங்குவதற்கு அங்கே பன்றி வேண்டும்: ‘பை எ பிக் இன் எ போக்’. போக் என்றால் சாக்கு.

‘காதில் நூடுல்ஸ் தொங்கவிடுவது’ என்ற ரஷ்யத் தொடர் நம் ‘காதில் பூ சுற்றுவது’ போலத்தான். இதை ‘புல்லிங் மை லெக்’ என்று மாற்றினால் குற்றச்சாட்டு கிண்டலாகிவிடும். காலை இழுப்பது விளையாட்டு. ஏமாற்றுவதைச் சொல்ல ‘புல் த வுல் ஓவர் மை ஐஸ்’ வேண்டும்.

இவற்றைவிட அடிக்கடி நடப்பது ‘எ’, ‘த’ விட்டுப்போவது. ரஷ்யத்தில் இந்தச் சார்புச் சொற்களே இல்லை. தமிழிலும் இல்லை என்பதால் நமக்கும் இந்த வலி தெரியும். சாதாரண வாக்கியத்தில் ‘த’ விட்டுப்போனால் கேட்பவர் நிரப்பிக்கொள்வார். மரபுத்தொடரில் அது அச்சாணி. ‘ஹீ கிக்டு த பக்கெட்’ என்றால் ஆள் செத்துவிட்டார். ‘ஹீ கிக்டு எ பக்கெட்’ என்றால் ஒரு வாளியை உதைத்தார், அவ்வளவுதான். ‘த பக்கெட் வாஸ் கிக்டு’ என்று செயப்பாட்டுவினையாக்கினாலும் வாளிதான் மிஞ்சும். ஆனால் ரகசியத்தை உளறுவதைச் சொல்லும் ‘ஸ்பில் த பீன்ஸ்’ அப்படியில்லை, ‘த பீன்ஸ் வேர் ஸ்பில்டு’ செல்லும். அதனால் தொடரைச் சொல்லாக எழுதிவைக்காமல், சார்புச் சொல்லோடு முழு வாக்கியமாக எழுதிவைக்க வேண்டும். பக்கத்தில் யாரிடம் சொல்லலாம் என்றும் ஒரு வரி. ‘கிக் த பக்கெட்’ நம் ‘மண்டையைப் போட்டான்’ ரகம். துக்க வீட்டில் வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது.

கடைசியாக மழை. ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ பயிற்சிப் புத்தகங்களில் கொட்டுகிற அளவுக்குப் பேச்சில் கொட்டுவதில்லை. பழைய வாடை அடிக்கும். ‘இட்ஸ் போரிங் டவுன்’ (pouring, கொட்டுகிறது) என்பதே இயல்பு. ரஷ்யர்கள் மழை ‘வாளியிலிருந்து ஊற்றுவதுபோல்’ பெய்கிறது என்பார்கள். பிரிட்டனில் ‘இட்ஸ் பக்கெட்டிங் டவுன்’ என்று வாளியையே சொல்வதுண்டு. கையில் இருந்த வாளியை விட்டுவிட்டு நாயையும் பூனையையும் தேடிப் போகிறார்கள்.