விடையில் பாதி உங்கள் கையில்: ஜியோகேஷிங் சங்கேதங்களில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

யாரோ ஒளித்துவைத்த பெட்டியை அதன் ஆள்கூறுகளை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்களை, வைத்துத் தேடிப்பிடிக்கும் விளையாட்டு ஜியோகேஷிங். அந்தப் பெட்டிக்கு 'கேஷ்' என்று பெயர். சில கேஷ்களின் ஆள்கூறு சங்கேதப் புதிருக்குள் ஒளிந்திருக்கும். என் முதல் சங்கேதப் புதிரை வெள்ளவத்தை நண்பன் ஒருவன் எனக்காகவே எழுதித் தந்தான். ஒன்றோடொன்று ஒட்டாத ஆங்கில எழுத்துகளில் நான்கு வரிகள். அன்றிரவு அவற்றை இணையத்தில் கிடைத்த கருவிகள் அத்தனையிலும் போட்டு அரைத்தேன். மாவுதான் வந்தது, செய்தி வரவில்லை. மறுநாள் அவன் கேட்டது ஒரே கேள்வி: "தலைப்பைப் படித்தாயா, மச்சான்?"

தலைப்பு 'இருபத்தாறில் பாதி' என்று இருந்தது. ஆங்கில நெடுங்கணக்கில் 26 எழுத்துகள். பாதி 13. ஒவ்வோர் எழுத்தையும் பதின்மூன்று இடம் தள்ளினால் செய்தி தெளிவாக வந்துவிடுகிறது. ஜியோகேஷிங் தளத்தில் துப்புக் குறிப்புகளை மறைத்து வைப்பதும் இதே முறையில்தான். நான் அதுவரை துப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்திருந்தேனே தவிர, அது என்ன செய்கிறது என்று யோசித்ததில்லை.

இந்த விளையாட்டுக்கு வயது அதிகமில்லை. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்கா ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கியது. அடுத்த நாளே ஒரேகன் மாநிலத்தில் ஒருவர் வாளியொன்றை ஒளித்துவைத்து அதன் ஆள்கூறுகளை அறிவித்தார். புதிர் கேஷ் இதன் குறும்புக்காரத் தம்பி. வரைபடத்தில் கேள்விக்குறியாகத் தெரியும். அந்தக் கேள்விக்குறி நிற்கும் இடத்தில் பொதுவாகப் பெட்டி இருக்காது. உண்மையான இடம் பெரும்பாலும் அதிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும். அதைப் புதிர்தான் சொல்லும். பேரை வாவிக் கரையில் கேள்விக்குறியைக் கண்டதும் நேரே போய்ப் புல்லைக் கிளறுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

ஆகவே முதல் தவறு, புதிரின் இணையப் பக்கத்தை முழுதும் படிக்காமல் எழுத்துக் குவியலின் மேல் பாய்வது. தலைப்பு, துப்பு, படத்தின் கோப்புப் பெயர், வழக்கத்துக்கு மாறான எழுத்துப்பிழை எல்லாமே தடயங்கள். கடினத்தைக் காட்டும் நட்சத்திரங்களையும் பாருங்கள். ஐந்தில் ஒன்றரை நட்சத்திரம் வாங்கிய புதிருக்குள் மூன்றடுக்குச் சங்கேதம் ஒளிந்திருக்க வாய்ப்பில்லை. அங்கே எழுத்துகளை இடம் தள்ளும் சீசர், மோர்ஸ், பிரெய்ல், எழுத்துக்குப் பதில் கட்டத் துண்டுகளை வரையும் பன்றிக்கொட்டில் போன்ற பழகிய முகங்களைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஆனால் பெருந்தவறு வேறொன்று. விடை எப்படி இருக்கும் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை மறந்துவிடுகிறோம். கொழும்பு நகருக்குள் எந்தப் பெட்டியை ஒளித்தாலும் அதன் ஆள்கூறு வடக்கு 06° 5-, கிழக்கு 079° 5- என்றுதான் தொடங்கியாக வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து முகத்துவாரம் வரை போனாலும் இது மாறாது. மொத்தம் பதினைந்து இலக்கங்களில் ஏழு புதிரைத் திறக்கும் முன்பே நம் கையில் இருக்கின்றன. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு குறி என்ற கணக்கில் எழுதிய புதிரானால் முதற்குறியும் எட்டாம் குறியும் ஒன்றாக இருக்கும், இரண்டுமே பூச்சியம். மூன்றாவதும் பதினோராவதும் ஒன்றாக இருக்கும், இரண்டுமே ஐந்து. பதினைந்து மீன் படங்களை வரிசையாக வைத்த புதிரானாலும் சரி, முதலில் இந்த இரண்டு இணைகளைத் தேடுங்கள். கிடைத்துவிட்டால் மீன்களின் மொழி பாதி புரிந்த மாதிரி.

எண்களைச் சொற்களாக எழுதியிருந்தாலும் இந்த வழி உதவும். வடக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பதின்மூன்று இடம் தள்ளியபின் ஏ-பி-ஈ-ஜி-யூ என்று ஆகும். நெடுங்கணக்கைத் தலைகீழாக்கும் அட்பாஷ் முறையில் எம்-எல்-ஐ-ஜி-எஸ். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டால் பல எளிய புதிர்கள் பார்த்தவுடனே பல்லைக் காட்டிவிடும். இன்னொன்றும் கைவசம் இருக்கட்டும்: பூச்சியம் முதல் ஒன்பது வரையான ஆங்கில எண்பெயர்கள் எதிலும் 'ஏ' என்ற எழுத்து கிடையாது. 'எக்ஸ்' ஆறில் மட்டும் வரும், 'யூ' நான்கில் மட்டும்.

தெரிந்த சொல்லை வைத்துத் தெரியாததைத் திறக்கும் இந்த வழி இரண்டாம் உலக யுத்தகாலச் சங்கேத நிபுணர்களின் அன்றாட ஆயுதம். அவர்களில் ஒரு கூட்டம் நம் ஊரிலேயே இருந்தது. சிங்கப்பூரிலிருந்து பின்வாங்கிய பிரித்தானியக் கடற்படைச் சங்கேதப் பிரிவு 1942இல் கொழும்புக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட பிறகு பெரும்பகுதி கென்யாவுக்குப் போய், 1943இல் திரும்பி வந்து, ஆண்டர்சன் கோல்ஃப் திடலில் அமர்ந்து ஜப்பானியச் செய்திகளை உடைத்தது. நாரஹேன்பிட்டிப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

புத்தகம் படித்துவிட்டு வருகிறவர்கள் செய்யும் தவறு இன்னொரு வகை. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-கிந்தி எழுதிவைத்த எண்ணிக்கை முறையை எடுத்துக்கொண்டு உடனே எழுத்துகளை எண்ணத் தொடங்குவார்கள். ஆங்கிலத்தில் அதிகம் வருவது 'ஈ', சுமார் நூற்றுக்குப் பன்னிரண்டு. ஆகவே புதிரில் அதிகம் வரும் எழுத்து 'ஈ', அடுத்தது 'டி' என்று ஆங்கில வரிசைப்படியே எல்லாவற்றுக்கும் முடிவு கட்டுவார்கள். பல பக்க நீளமுள்ள கடிதத்துக்கு அது பொருந்தும். அறுபது எழுத்து ஆள்கூற்றுக்குப் பொருந்தாது. அதில் ஐந்தும் ஏழும் ஒன்பதும் மீண்டும் மீண்டும் வந்து கணக்கைக் குலைத்துவிடும்.

எல்லா எழுத்துக்கும் பொருள் உண்டு என்று நம்புவதும் வழுக்கல்தான். சிறுவயதில் பெரியவர்களுக்குப் புரியக் கூடாதென்று ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'க' சேர்த்துப் பேசியிருப்போமே: கநாகன் கவகருககிகறேகன். அதில் பாதி வெறும் உமி. புதிர்க்காரர்களும் இப்படி உமி கலப்பார்கள். மூன்றாம் எழுத்துகளை மட்டும், அல்லது ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தை மட்டும் எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

தமிழர்களான நமக்கென்றே ஒரு பொறியும் உண்டு. தமிழ் எண்கள் நமக்கு எழுத்துகளாகவே தெரிகின்றன. ௧ என்பதைக் ககரமாகவும் ௨ என்பதை உகரமாகவும் ௭, ௮ இரண்டையும் எகர அகரங்களாகவும் படித்துவிட்டு, 'இது என்ன சொல்?' என்று அகராதியைப் புரட்டுவோம். தமிழே தெரியாதவர் அவற்றை வெறும் குறிகளாகப் பார்த்து நமக்கு முன்னே போய்விடக்கூடும். பழைய முறையில் பத்துக்கும் நூறுக்கும் தனிக் குறிகள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். எழுபத்தொன்பதை ௭௰௯ என்று எழுதியிருந்தால் அங்கே மூன்று இலக்கம் இருப்பதாக எண்ணிக்கொண்டு குழம்பிப்போவீர்கள்.

அடுத்து விஜெனேர்: ஒரு திறவுச்சொல்லின் எழுத்துகளைப் பார்த்து, செய்தியின் ஒவ்வோர் எழுத்தையும் வெவ்வேறு இடம் தள்ளும் முறை. பெயர் விஜெனேர் என்ற பிரெஞ்சுக்காரருடையது, ஆனால் அந்த முறையை 1553இலேயே பெல்லாசோ என்ற இத்தாலியர் வெளியிட்டுவிட்டார். இதில் திறவுச்சொல் கையில் இருந்தும் தோற்பவர்கள் பலர். காரணம், 'ஏ' என்பதைச் சிலர் பூச்சியமாக எண்ணுகிறார்கள், சிலர் ஒன்றாக எண்ணுகிறார்கள். தவறாக எண்ணினால் விடை முழுதும் ஒரே ஓர் எழுத்து தள்ளி வரும். குப்பை என்று தூக்கிப்போடும் முன் ஓரிடம் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். இடைவெளிகளையும் நிறுத்தக்குறிகளையும் கடக்கும்போது திறவுச்சொல் நகர்கிறதா, நிற்கிறதா என்பதும் கருவிக்குக் கருவி மாறும். இதனாலேயே முதல் இருபது எழுத்தையாவது தாளில் கையால் செய்து பார்ப்பது நல்லது. கருவி பிழை செய்தால் தாள் காட்டிக்கொடுக்கும். எழுத்தை எண்ணாக்கும்போதும் இதே வகைச் சிக்கல் வரும்: ஏ ஒன்று, பி இரண்டு என்று போனால் பத்தாம் எழுத்தான 'ஜே' பெரும்பாலும் பூச்சியம். பிரெய்லில் எண்கள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன.

சங்கேதம் உடைந்த பிறகும் ஆபத்து தீரவில்லை. ஜியோகேஷிங்கில் வழங்குவது பாகையும் (டிகிரி) தசமக் கலையும் (மினிட்). ஒரு பாகைக்கு அறுபது கலை. 06° 55.400, 079° 50.700 என்பது காலிமுகத்திடலைக் காட்டும். அதையே அவசரத்தில் 6.554, 79.507 என்று கைத்தொலைபேசியில் தட்டினால் களுத்துறைக்கு நேர் மேற்கே, கரையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலைக் காட்டும். கொழும்பில் இருப்பதன் ஒரு நன்மை, இந்தப் பிழை உடனே நனைந்து தெரிந்துவிடுகிறது. உள்நாட்டு ஊரானால் எங்கோ ஒரு வயல்வரப்பில் போய் நிற்பீர்கள்.

விடையைச் சரிபார்க்கும் பொறி புதிரின் இணையப் பக்கத்தில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பயன்படுத்துவதற்கும் அதில் எண்களை மாறி மாறிப் போட்டு அதிர்ஷ்டம் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. பின்னது புதிரை எழுதியவரின் உழைப்பை அவமதிப்பது. மூன்று நாள் மோதியும் நகரவில்லையென்றால் அவருக்கே எழுதிக் கேட்கலாம். எதுவரை வந்தீர்கள் என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒரு சிறு தள்ளு தருவார்கள். தீர்த்த ஆள்கூற்றை யாரிடமிருந்தோ வாங்கிக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை.

கோட்டைப் பகுதியில் இன்னொரு கவனமும் தேவை. வாங்குகளுக்கு அடியில் கைவிட்டுத் துழாவும் ஆளைக் காவலில் நிற்பவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இதை விளக்கத் தேவையில்லை. விளையாட்டைப் பற்றி இரண்டு வசனம் சிங்களத்தில் சொல்லத் தயாராகப் போங்கள். பகலில் போங்கள்.

சரிபார்க்கும் பொறியைப் பற்றி இவ்வளவு சொல்லும் நான் ஒருமுறை அதைத் தொடாமலே காலிமுகத்திடலுக்குப் போனேன். விஜெனேரைக் கையாலேயே உடைத்துவிட்ட மிதப்பு. முக்கால் மணிநேரம் சுவரோரம் குனிந்து நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த இறால் வடைக்காரர், "தம்பி, சங்கிலியா தொலைந்தது?" என்று பரிவோடு கேட்டார். வடையொன்று வாங்கிக்கொண்டு தாளை மறுபடி விரித்தேன். தசமத்துக்குப் பின் இரண்டாம் இடத்தில் என் கையெழுத்தில் இருந்த ஒன்றை நானே ஏழாகப் படித்திருந்தேன். 0.06 கலை, நூற்றுப்பத்து மீட்டர் சொச்சம். பெட்டி அவருடைய வண்டி நின்ற பக்கம்தான் இருந்தது.