‘தேர்ச்சி’ என்ற சொல்லை மாணவருக்கு விளக்கும் முறை

பினாங்கில் தொழிற்பயிற்சி மாணவருக்குத் தமிழ் கற்பிப்பவர், பயின்று பெற்ற ஆற்றலைக் குறிக்கும் ‘தேர்ச்சி’யை ‘தேர்’ என்னும் வினையிலிருந்து விளக்கத் தொடங்குவது நல்லது. ஆராய்தல், தெரிந்தெடுத்தல் என்பன அதன் பொருள். தேர்வு, தேர்தல் ஆகியவையும் அவ்வினையிலிருந்து பிறந்தவையே.

வெல்டிங் பயிலும் மாணவனிடம் இரண்டு இணைப்புகளைக் கொடுத்து, எது உறுதியானது என்று கேளுங்கள்; துளைகளும் வெடிப்புகளும் உள்ளனவா எனக் கூர்ந்து பார்த்து அவன் தேர்ந்து சொல்லும்போது, அச்சொல்லின் வேர்ப்பொருள் அவனுக்கே விளங்கிவிடும்.

ஆங்கில ‘ஸ்கில்’ பிரித்தறிதலைக் குறித்த பழைய நோர்ஸ் (பண்டைய ஸ்காண்டிநேவிய மொழி) சொல்லிலிருந்து வந்தது என்பதையும் அப்போதே சொல்லுங்கள். தொடர்பற்ற இரு மொழிகள் ஒரே கருத்தைப் பற்றியிருப்பது எனக்குப் பெருவியப்பு. தேர்ச்சியைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான ‘கெமாஹிரான்’ என்பதன் அடிச்சொல்லான ‘மாஹிர்’ அரபு மொழியிலிருந்து வந்தது. ‘திறமை’ இயல்பான ஆற்றலையும் குறிக்குமாதலால், பயிற்சியால் வந்ததைச் சுட்டும் இடங்களில் ‘தேர்ச்சி’யையே எழுதப் பழக்குங்கள்.