‘டவுட்’ எங்கே, ‘சஸ்பெக்ட்’ எங்கே: மெயிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகள் கன்டெய்னர் யார்டிலோ தம்பு செட்டித் தெரு கிளியரிங் ஆபீஸிலோ சேர்ந்த புதிதில், வெளிநாட்டு ஏஜென்ட்டுக்கு இங்கிலீஷில் மெயில் போடும் வேலையும் தலையில் விழும். அங்கேதான் ‘டவுட்’ என்ற வார்த்தை காலை வாருகிறது.

ஒரு கன்டெய்னர் வந்து இறங்குகிறது. கதவில் இருக்கும் சீல் நம்பரும் பேப்பரில் இருக்கும் நம்பரும் ஒத்துப்போகவில்லை. வழியில் யாரோ சீலை உடைத்திருப்பார்களோ என்று நம் பையனுக்குச் சந்தேகம். உடனே ‘ஐ டவுட் தட் தி சீல் வாஸ் ப்ரோக்கன்’ என்று எழுதி அனுப்புகிறான். படிப்பவருக்குப் போய்ச் சேருவது, ‘சீல் உடைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை’ என்பது. அப்படியே தலைகீழ்! நாளைக்குச் சரக்கு குறைகிறது என்று கிளைம் போட்டால், அந்த மெயிலையே எடுத்து நம் முன்னால் வைப்பார்கள்.

காரணம், நம் ‘சந்தேகம்’ இரண்டு பக்கமும் பேசும். ‘அவன் வருவது சந்தேகம்’ என்றால் வரமாட்டான் என்று நினைக்கிறோம். ‘அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகம்’ என்றால் எடுத்தான் என்றே நினைக்கிறோம். இங்கிலீஷில் இந்த இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை. நடந்திருக்காது என்று தோன்றினால் டவுட், நடந்திருக்கும் என்று தோன்றினால் சஸ்பெக்ட். எதுவும் பிடிபடவில்லையா, ‘ஐ ஆம் நாட் ஷூர்’ போதும்.

இத்தனைக்கும் முற்கால இங்கிலீஷில் டவுட் என்பதற்கு அஞ்சுவது என்ற பொருளும் இருந்தது. ஸ்காட்லாந்தில் இன்றும் ‘ஐ டவுட் இட் வில் ரெயின்’ என்றால் மழை வந்துவிடும் போலிருக்கிறது என்றுதான் பொருள். ஆகவே நம் பையனை மட்டம் தட்ட வேண்டியதில்லை. வார்த்தையின் வேர் லத்தீன். ‘இரண்டு’ என்று பொருள்படும் ‘துவோ’வோடு உறவுள்ளது, ‘ரெண்டு மனசா இருக்கு’ என்கிறோமே, அதேதான். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தபோது ‘பி’ எழுத்து அதில் இல்லை. லத்தீன் எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பின்னால் செருகினார்கள். கடனைக் குறிக்கும் ‘டெட்’டிலும் அப்படித்தான். அதனால் எழுதும்போது ‘பி’ வேண்டும், சொல்லும்போது வேண்டாம்.

அப்புறம், ‘சார், ஒரு டவுட்!’ வியாசர்பாடி டியூஷனில் இப்படிக் கை தூக்கும் பிள்ளையைத் திருத்தக் கூடாது என்பது என் கட்சி. இந்தியாவுக்குள் அது எல்லோருக்கும் புரியும். கேள்வி கேட்க வந்த பிள்ளையை வாயடைக்க வைப்பது பாவம். வெளிநாட்டுக்காரரோடு பேசும்போது மட்டும் ‘ஐ ஹாவ் எ கொஸ்டின்’ என்று ஆரம்பிக்கலாம். டவுட் என்றால், தான் சொன்னதை இவர் நம்பவில்லை போல என்று அவர் நினைத்துக்கொள்ள இடமுண்டு.

‘நோ டவுட்’டையும் பார்த்துப் போடுங்கள். ‘நோ டவுட், டெலிவரி டுமாரோ’ என்று நாம் அடித்துச் சொல்வதாக நினைத்து எழுதுவோம். பல சமயம் அது ‘நாளைக்குக் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்’ என்ற அளவுக்குத்தான் எடுபடும். உறுதியாகச் சொல்ல ‘டெஃபினிட்லி’ இருக்கிறது. அதையும் கஸ்டம்ஸில் ‘அவுட் ஆஃப் சார்ஜ்’, அதாவது சரக்கை வெளியே எடுத்துப்போகலாம் என்ற உத்தரவு, கிடைத்த பிறகு எழுதுங்கள்.